வெர்னா சுத்தியலைக் கொடுத்த காலை

வெர்னாவுக்குக் கண் மங்கிய பிறகு, கூட்டங்களுக்கு அவளைக் காரில் அழைத்துப்போய்ப் பின்வரிசையில் காத்திருப்பது கணவன் ஆர்வில்லின் வேலையாயிற்று. மினசோட்டாவின் டுலூத்தில் ஏப்ரல் வந்தும் ஏரியில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்த அந்தக் காலையில், அவனுக்குக் காத்திருக்கவே பிடிக்கவில்லை. துறைமுகத்தை ஒட்டிய இலவச மருத்துவமனையை மூடிவிட்டு, அந்தப் பணத்தில் பெரிய இதய மையம் கட்டுவது பற்றி அறக்கட்டளைக் குழு வாக்கெடுக்கப் போகிறது. அந்த மருத்துவமனை வெர்னா உண்டாக்கியது.

அப்பா விட்டுப்போன, அட்டைப்பெட்டி செய்யும் கொட்டகையை ஊரின் பெரிய ஆலையாக்கியவள் அவள். முதன்முதலாக ஒரு நற்பணிக் குழுவில் சேர்ந்தபோது, இருந்த ஒரே பெண் என்பதால் காபி ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினாள். பிறகு உட்கார்ந்து, நூலகத்தை ஞாயிற்றுக்கிழமையும் திறக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து ஜெயித்தாள். அதற்குப் பின் அவளைக் கேட்காமல் ஊரில் எந்தக் குழுவும் அமைந்ததில்லை.

இந்த அறக்கட்டளைக் குழுவுக்கும் அவள்தான் தலைவர். சிக்கலே அதுதான். தலைவர் வாதாடக் கூடாது. வாக்குகள் சமமாக நின்றாலொழிய வாக்களிக்கவும் கூடாது. மற்ற எட்டுப் பேரில் ஐந்து பேர் மூடும் பக்கம். அந்த ஐவரில் முன்னால் நின்றவர் துணைத்தலைவர் வெண்டெல், வங்கிக்காரர்.

"தோத்துட்டோம்ல?" என்றான் ஆர்வில், காரை நிறுத்தும்போது.

"கூட்டமே இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள நீ ஏன் தோக்குற?"

செயலாளர், மருத்துவமனையை மூடும் தீர்மானத்தைப் படித்து முடித்ததும், வெர்னா தன் கையிலிருந்த, தலைவர் மேசையில் தட்டும் மரச்சுத்தியலை வெண்டெல் பக்கம் நீட்டினாள். வாதாட விரும்பும் தலைவர், வாக்கெடுப்பு முடியும்வரை இருக்கையைத் துணைத்தலைவருக்கு விட்டுக்கொடுக்கலாம். இத்தனை வருடங்களில் அவள் ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. வெண்டெல் முகம் மலர வாங்கிக்கொண்டார்.

அவள் அதிகம் பேசவில்லை. மோசமான ஒரு வருடத்தில் தன் ஆலையிலிருந்து அனுப்பவேண்டி வந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போனவர்கள்.

"அவங்க வைத்தியம் பாத்துக்கிட்டது அங்கதான். புதுக் கட்டடத்துக்கு யார் பேரை வேணா வைங்க. இவங்களை எங்க அனுப்புறதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

கைகள் எழுந்தன. மூட நாலு, மூடவேண்டாம் என்று, வெர்னாவையும் சேர்த்து, நாலு. தன் கை எங்கே போயிற்று என்று வெண்டெலுக்கு அப்போதுதான் உறைத்தது. சுத்தியலைப் பிடித்திருந்தது; இப்போது தலைவர் அவர்.

"சமமா நிக்குது," என்றார் செயலாளர் வெண்டெலிடம், மெதுவாக. "இனி நீங்கதான் சொல்லணும், தலைவரே."

கூட்டத்தோடு கூட்டமாகக் கை தூக்குவது அந்த ஊரில் யாருக்கும் சுலபம். முகத்துக்கு நேராக, தனியாக, ஒருவருக்குக் கெடுதல் செய்வது சுலபமில்லை. தேவாலயத்தில், கடையில், மீன்பிடிப் படகில் மறுபடி மறுபடி அவர்களையே பார்க்கவேண்டும். வெண்டெல் காபிக் கோப்பையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"நான் வாக்களிக்கல. பெரும்பான்மை இல்ல. தீர்மானம் தோத்துடுச்சு," என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டினார்.

கோட்டு மாட்டும்போது அவர் வெர்னாவிடம் வந்தார். "என்னைய நல்லா உக்கார வச்சிட்டீங்க."

"நாற்காலி வசதியா இருந்துச்சா, வெண்டெல்?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே, மோசமில்லை என்றார். மினசோட்டாக்காரர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

வீட்டுக்குப் போகாமல் துறைமுகம் வழியாகக் காரை விடச் சொன்னாள் ஆர்வில்லிடம். மருத்துவமனை வாசலில் ஆட்கள் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். காலையில் என்ன நடந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. வெர்னா கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"ஆள் இருக்காங்களா?"

"வாசல் தாண்டி நிக்கிறாங்க."

"இந்தக் குளிர்லயா?" கொஞ்ச நேரம் ஏரிக்காற்றுக்கு முகத்தைக் காட்டியபடி இருந்தாள். "முன்பக்கம் ஒரு அறை கட்டணும். அடுத்த கூட்டத்துல கொண்டுவரேன்."

கொண்டுவந்தாள். வழிமொழிந்தவர் வெண்டெல். அறை எழும்பி, முதல் பனி விழுந்த நாளில் ஆட்கள் உள்ளே உட்கார்ந்து கதை பேசுவதைக் காதாரக் கேட்ட பிறகுதான் வெர்னா காலமானாள்.