ஆத்துமப் பூசையில் ஒரு விமானப்படை

என் கணவர் கிறகரிக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. இருந்திருந்தால் சாமியாரிடம் சொல்லி ஆளைத் திருத்தியிருப்பேன். அவருக்கு இருந்தது விழுந்த விமானங்கள்மேல் ஒரு பைத்தியம். அதுவும் இப்போது விழுகிற விமானங்கள் அல்ல. 1909க்கும் 1914க்கும் இடையில் மரச்சட்டத்தாலும் துணியாலும் செய்து, அரசாங்கங்கள் தங்கள் பட்டாளத்துக்கு வாங்கி, வாங்கிய கையோடு வயலிலும் மணலிலும் மாட்டுக்கொட்டிலிலும் போட்டு உடைத்த விமானங்கள்.

அவருக்கு வேலை விமான இருக்கைகளுக்கு உறை தைப்பது. ஒருநாள், இங்கே கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு நூலகம் கழித்துவிட்ட புத்தகங்களுக்குள்ளிருந்து பட்டாள விபத்து அறிக்கைகளின் தொகுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். செங்கல் பருமன். இதைப் போய் யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டு நடு அறையிலேயே சாய்கதிரையில் படுத்திருந்தது.

அது என் தகப்பனார், எங்கள் ஐயா. பெயர் மரியதாசன், மன்னார்ப் பேசாலைக்காரர், முப்பத்துநாலு வருடம் தபால் அதிபராக இருந்தவர். கடைசி ஆறு வருடமும் எங்களோடுதான் இருந்தார். கிறகரி ஒவ்வொரு விபத்தையும் தமிழில் சொல்ல, ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பேந்து இரண்டு பேருமாக அதைக் கோடு போட்ட தாளில் பதிவார்கள். தேதி, இடம், இயந்திரம், விமானி, காரணம், தவறு யாருடையது. ஐயாவுக்கு அந்தக் கடைசிப் பத்தியில்தான் உயிர். காணாமல் போன ஒவ்வொரு பார்சலுக்கும் தவறு யாருடையது என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பி வாழ்ந்த மனிதர் அல்லவா.

ஒரு கதையை மட்டும் ஐயா திரும்பத் திரும்பக் கேட்பார். 1909 ஆகஸ்டில், பெட்டவாவா என்ற இடத்தில், கனடாப் பட்டாளத்துக்குப் பறந்து காட்ட வந்த முதல் விமானம் மணலில் விழுந்து நொறுங்கிய கதை.

"பெரிய அதிகாரிமார் பாத்துக்கொண்டு நிக்கேக்கையோ விழுந்தது?" என்பார்.

"ஓம் மாமா."

"நல்லது," என்பார். அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

இப்படி இருந்தவர்களுக்கு 2006ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு செய்தி கிடைத்தது. லாவாலில் ஒரு பழைய கொட்டகைக்குள் ஓய்வுபெற்ற பொறியியலாளர்கள் சிலர் சேர்ந்து அந்தக் காலத்து விமானம் ஒன்றை மரத்தால் திரும்பக் கட்டுகிறார்களாம். ஐயா போயே தீருவேன் என்று நின்றார். எண்பத்திரண்டு வயது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தொரு பாகை குளிர். நான் நீலக் கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து, "ஐயா, இதைப் போடுங்கோ," என்று சொன்னேன். கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "போடுறன், நீ போ," என்றார். எனக்கு ஆஸ்பத்திரியில் வேலைக்கு நேரமாகிவிட்டது. தொப்பியைக் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

நாலாம் நாள் ஐயாவுக்கு நெஞ்சுச் சளி. மூன்றாம் வாரம் ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் திருப்பித் தந்த ஐயாவின் கோட்டுப் பைக்குள் அந்தத் தொப்பி மடித்தபடி இருந்தது. அதை எடுத்து என் கைப்பைக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தலையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாமே, இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் உலகம் கவிழ்ந்திருக்குமா என்று எனக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

என் தமையன் அம்புறோஸ் அண்ணை ரொறன்ரோவில் இருக்கிறார். அவருக்கு முள் கிள் ஒன்றும் இல்லை. செத்தவீட்டிலேயே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"உன்ரை மனுசன்ரை பிளேன் விசர்தான் ஐயாவைக் கொன்றது. தலையில ஒரு தொப்பிகூட இல்லாமல் கிழவனைப் பனிக்குள்ள கொண்டுபோய் நிப்பாட்டினவர்."

கிறகரி எழும்பிக் கதிரைகளை அடுக்கப் போனார். அன்றிலிருந்து அண்ணை அவரோடு பேச்சை விட்டுவிட்டார். என்னோடு போனில் கதைத்தாலும் "அவர்" என்றுகூடக் கேட்பதில்லை. எனக்கு இருப்பது ஒரேயொரு அண்ணன். அவர் என் வீட்டு வாசலை மிதிக்காமல் போய்விடுவாரோ என்று எட்டு மாதம் பயந்துகொண்டு இருந்தேன்.

நவம்பர் வந்தது. எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு அது ஆத்துமாக்களின் மாதம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் இறந்தோரின் பெயர்களை எழுதி, ஊதா நிறக் கடித உறையில் போட்டுப் பீடத்தடிக் கூடையில் வைக்கும். பூசையில் சாமியார் அவற்றை உரக்க வாசிப்பார். வெறும் பெயர் போதாது. ஊர், தொழில், எப்படிப் போனார் என்பதெல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் எந்த அந்தோனிப்பிள்ளை என்று ஆண்டவருக்கு விளங்காமல் போய்விடும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். முந்தின வருடம் பழைய சாமியார் ஒரு பெரியம்மாவின் பெயரை விட்டுவிட்டார். மூன்று குடும்பங்கள் கோபித்துக்கொண்டு புரோசார்ட் பக்கம் வேறு கோயிலுக்குப் போய்விட்டன.

ஆகவே புதிதாகச் சிவகங்கையிலிருந்து வந்திருந்த இஞ்ஞாசிச் சாமியாரிடம் பங்குச் சபைச் செயலாளர் வலன்ரைன் ஒரே ஒரு விசயத்தைக் கடுமையாகச் சொல்லிவைத்திருந்தார். "ஃபாதர், எழுதினதை எழுதினபடி வாசியுங்கோ. ஒரு எழுத்து விடாதையுங்கோ."

ஐயாவின் முதல் ஆத்துமப் பூசை என்று அண்ணை ரொறன்ரோவிலிருந்து வருவதாகச் சொன்னார். நேரே கோயிலுக்கு, பூசை முடிய நேரே திரும்பிப் போவது. வீட்டுக்கு வரும் எண்ணம் இல்லை. ஆனாலும் கிழமை முழுக்க நான் வீட்டைத் துப்புரவாக்கினேன். விமானப் புத்தகம், விமானப் படம், விமானத் தாள் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி நிலவறையில் போட்டேன்.

"இஞ்சேருங்கோ, ரெண்டு மணித்தியாலம் பிளேன் எண்ட சொல் உங்கட வாயில வரக்கூடாது," என்றேன்.

"நான் என்னப்பா செய்தனான்," என்றார் அந்த அப்பாவி.

பெயர்ப் பட்டியலைக் கிறகரி எழுதிக் குளிர்ப்பெட்டிக்கு மேலே வைத்திருந்தார். பூசை நாள் அண்ணை கோயில் வாசலிலிருந்து போன் எடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்று அதட்ட, நான் அந்தத் தாளை நாலாக மடித்து உறைக்குள் திணித்து ஒட்டிக்கொண்டு ஓடினேன். மேலே "இறந்தோர், தப்பியோர்" என்று இருந்ததில் முதல் சொல்லை மட்டும் கண்டேன், கிறகரியின் கையெழுத்து. அதற்குமேல் நான் பார்க்கவில்லை. துப்புரவாக்கின வேகத்தில் பெயர்ப் பட்டியலைப் பெட்டிக்குள் கட்டிவிட்டு, விமானப் பட்டியலைக் குளிர்ப்பெட்டிமேல் வைத்தவள் நான்தான். வேறு யாருடைய தலையிலும் போட வழியில்லை.

கோயில் நிறைந்திருந்தது. அண்ணை எனக்கு முன்வரிசையில், கறுப்புக் கோட்டோடு, பிடரி மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். சாமியார் எங்கள் உறையைப் பிரித்தார்.

"கிறகரி, யோகராணி குடும்பத்தார். லெப்டினன்ட் ஹார்வுட்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"1912 ஜூலை. இடது பக்க இறக்கை ஆகாயத்தில் மடிந்தது. விமானி இறந்தார். இயந்திரம் திருத்தக்கூடியது."

பழக்கதோசத்தில் சனம் முழுக்க, "நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தந்தருளும் ஆண்டவரே," என்றது. பின்வரிசையிலிருந்து அல்போன்சம்மா என் தோளைத் தட்டினார்.

"ராணி, இவர் உன்ரை தேப்பன் வழியோ, தாய் வழியோ?"

"இவரின்ரை பக்கம்," என்று கிறகரியைக் காட்டினேன். வேறு என்ன சொல்வது. கிறகரி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். பக்தி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"காப்டன் டுவால். 1911 செப்டம்பர். பசுவின்மேல் இறங்கினார். விமானி தப்பினார். பசு இறந்தது." சாமியார் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். தூணடியில் நின்ற வலன்ரைனைப் பார்த்தார். வலன்ரைன் கண்டிப்பாகத் தலையாட்டினார், வாசியுங்கோ என்று. "தவறு பசுவினுடையது அல்ல என விசாரணைக்குழு முடிவு."

சனம் அந்தப் பசுவுக்கும் நித்திய இளைப்பாற்றி கேட்டது. பாட்டுக்குழுவில் ஒரு பெட்டை வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அடுத்தது ஒரு மேஜர், தேவாலயக் கோபுரத்தில் மாட்டி நாலு மணித்தியாலம் தொங்கியவர். அண்ணையின் பிடரி அசையவே இல்லை. அதுதான் எனக்குப் பயம். ஐயாவின் பேர் வாசிக்கக் கேட்கவென்று ஆறு மணித்தியாலம் கார் ஓட்டி வந்த மனிதனுக்கு, ஐயாவைக் கொன்றது எது என்று அவர் நம்பினாரோ, அதையே வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

"கடைசியாக, சூசைப்பிள்ளை மரியதாசன். இளைப்பாறிய தபால் அதிபர். பேசாலை."

கிறகரி சடாரென்று கண்ணைத் திறந்தார். "ஐயோ, அந்தத் தாளோ," என்று முணுமுணுத்தார்.

"இயந்திரம், 1924ஆம் ஆண்டுத் தயாரிப்பு. இறந்த தேதி, பின்னர் நிரப்பவும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. சாமியார் இப்போது மெதுவாக வாசித்தார்.

"காரணம். இரண்டு மணித்தியாலம் கொட்டகைக்குள் நின்று விமானம் பார்த்தது. தொப்பி போடும்படி மகள் இரண்டு தரமும் மருமகன் மூன்று தரமும் சொன்னார்கள். தொப்பி வைத்தால் காது கேளாது என்பதால் விமானி அதைப் பைக்குள் வைத்தார். தவறு விமானியுடையது. மகள், மருமகன், கனடா அரசாங்கம் ஆகியோர் பொறுப்பல்லர். பறப்பு மிக நன்று."

சாமியார் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அவரே கையெழுத்துப் போட்டிருக்காருங்க," என்றார்.

நான் அழுதேன். கோயிலில் எல்லாரும் பார்க்க, மூக்குச் சிந்தி, சத்தமாக அழுதேன். எட்டு மாதமாகக் குத்திக்கொண்டிருந்த முள்ளை ஐயாவே கையால் பிடுங்கிப் போட்டதுபோல இருந்தது.

பூசை முடிந்ததும் அண்ணை நேரே சக்கிறீஸ்துக்குள், சாமியார் பூசை உடுப்பு மாற்றும் அறைக்குள், போனார். நானும் கிறகரியும் பின்னால் ஓடினோம். சாமியார் பாவம், பயந்துபோய் நின்றார்.

"எழுதுனத எழுதுனபடி வாசிச்சேன்மா. தப்பாயிடுச்சா?"

அண்ணை அந்தத் தாளை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கள் பள்ளிக்கூட ரிப்போட் புத்தகங்களில் ஐயா போட்ட அதே கையெழுத்து, அடியில் இரண்டு சுழியோடு. நடுக்கத்தில் ஒரு சுழி கொஞ்சம் நீண்டு போயிருந்தது.

"எப்ப எழுதினது?" கிறகரியைப் பார்த்துக் கேட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"ஆஸ்பத்திரியில, மச்சான். போறதுக்கு மூண்டு நாளைக்கு முதல். அவர் சொல்லச் சொல்ல எழுதினனான்."

"ஏன் எனக்குக் காட்டேல்லை?"

"நானே எழுதிக் கையெழுத்து வாங்கினதெண்டு சொல்லுவியள்."

"சொல்லியிருப்பன்தான்," என்றார் அண்ணை. பிறகு தாளை மடித்தார், மடித்ததைப் பிரித்தார், திரும்ப மடித்தார். "நான் உன்னைக் கனக்கச் சொல்லிப்போட்டன், கிறகரி. பிழை என்ரை."

"தவறு யாருடையது எண்ட பத்தியில உங்கட பேரும் இல்லை, மச்சான்," என்றார் கிறகரி.

அண்ணைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கொட்டகை ஞாயிற்றுக்கிழமையில திறந்திருக்குமோ?"

"ஆறு மணிவரைக்கும் திறந்திருக்கும். ஆனால் உள்ள ஹீற்றர் இல்லை."

"ஐயா ரெண்டு மணித்தியாலம் நிண்டவர். நான் ஒரு மணித்தியாலம் நிக்கமாட்டனோ. அதைப் பாத்திட்டு வீட்டை வாறம். ராணி, சோறு கிடக்கோ?"

சோறு கிடந்தது. கிழமை முழுக்க வேறு எதற்குத் துப்புரவாக்கினேன்.

வெளியே முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. அண்ணை வெறும் தலையோடு படியிறங்கினார். நான் கைப்பையைத் திறந்து நீலத் தொப்பியை எடுத்தேன். "அண்ணை, இதைப் போடுங்கோ," என்றேன்.

"போடுறன், நீ போ," என்றார், அச்சாக ஐயா மாதிரியே.

இந்தமுறை நான் கையில் கொடுக்கவில்லை. அவரைப் படியில் நிறுத்தி, தலையில் நானே போட்டு, இரண்டு காதும் மூடும்வரை இழுத்துவிட்டேன்.