வெற்றிடத்தின் சொந்தக்காரி

எட்டு வருஷமாக "நாங்கள் இல்லை, நாங்கள் இல்லை" என்று சாதித்துவந்த கம்பெனி, அன்று காலை விசாரணை அறையில் எழுந்து நின்று, "ஆமாம், நாங்கள்தான்" என்றது. சாவியம்மாவுக்கு முதலில் அது காதில் ஏறவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் அவள் முழங்கையை இடித்தான்.

"அண்ணி, ஜெயிச்சுட்டோம்!"

கொழுந்தன்தான் அவளுடைய வக்கீலும். சொந்தத்தில் வக்கீல் இருந்தால் செலவு குறைவு என்பார்கள். அது எவ்வளவு பெரிய பொய் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான். சாவியம்மா ஒரு லாட்ஜ் நடத்துகிறாள். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்கு மட்டும்தான் தெரியும். லாட்ஜுக்கு நேர் கீழே, வெகு ஆழத்தில், பாறைக்குள் எரிவாயு இருந்தது. நிலம் உன்னுடையது, அதன் அடியில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் அரசுடையது என்பது சட்டம். அரசு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. கம்பெனி அக்கம்பக்கத்து மனைகளையெல்லாம் வாங்கி, அங்கிருந்து சாய்வாகத் துளை போட்டு, உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சிக்கொண்டு நடையைக் கட்டியது. சாவியம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டத்திலும் இல்லை.

அடியில் இருந்தது போனதும் மேலே இருந்தது இறங்கியது. லாட்ஜின் பின்கட்டுச் சுவர்களில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, பின்கட்டு அறைகள் அத்தனைக்கும் சீல் வைத்தார்கள். பாதி லாட்ஜ் போச்சு. நஷ்டஈடு கேட்டு அன்று ஏறத் தொடங்கிய படி, இன்னும் ஏறி முடியவில்லை. கம்பெனியோ மண் மேல் பழி போட்டது, மழை மேல் போட்டது, கட்டின கொத்தனார் மேல்கூடப் போட்டது.

அந்தக் கம்பெனி இப்போது ஒத்துக்கொள்கிறது! கம்பெனி வக்கீல் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போலப் பேசுகிறவர். கொழுந்தன் எழுதிய மனுவிலிருந்தே ஒரு வரியை எடுத்து, ருசித்து ருசித்துப் படித்தார். "'எதிர்மனுதாரரால் உண்டாக்கப்பட்டதும், எதிர்மனுதாரருக்கே உரியதுமான வெற்றிடம்.' அழகான வாக்கியம். முழுசா ஏத்துக்கறோம். நஷ்டஈடும் தர்றோம்."

கொழுந்தன் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். அந்த வரி அவனுக்கே ரொம்பப் பிடிக்கும்.

சாவியம்மாவுக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. "எலி எதுக்கு இப்ப அம்மணமா ஓடுது?" என்று கொழுந்தன் காதில் கேட்டாள். அவன் "சும்மா இருங்க அண்ணி" என்றான்.

கம்பெனி வக்கீல் இரண்டாவதாக ஒரு தாளை நீட்டினார். விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். நிதானமான பெண்மணி, அவர் முகம் சுருங்கியதை அன்றுதான் பார்த்தார்கள். புதிதாக ஒரு சட்டம் வந்திருக்கிறது. வாயு எடுத்து முடித்த பாறைக் குகைகளில் தொழிற்சாலைப் புகையை அழுத்தி ஏற்றி, நிரந்தரமாகப் பூட்டிவைத்துக் காசு பார்க்கலாம். அதற்கு வெற்றிடத்தின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். உரிமையாளர் யார் என்று சட்டம் சொல்லவில்லை. எழுதின புண்ணியவான்கள் மறந்துவிட்டார்கள்.

"உரிமையாளர் நாங்கன்னு அம்மாவோட மனுவே சொல்லுது" என்றார் கம்பெனி வக்கீல். "நாங்க சம்மதிக்கிறோம்."

தானே கேட்டு, தானே தலையாட்டிக்கொள்ளும் சம்மதம்! இப்படி ஒரு நோகாத வேலை உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

அதிகாரி சாவியம்மாவைப் பார்த்தார். "அம்மா, மனு உங்களோடது. அந்தப் பள்ளம் கம்பெனியோடதுன்னு எழுதியிருக்கீங்க. அப்படியே வெச்சுக்கலாமா?"

"இல்லைங்க, என்னோடதுன்னு சொன்னா?"

"உரிமம் முடிஞ்ச அன்னிக்கு நிலத்தடியை இருக்கிறபடியே நீங்க திரும்ப ஏத்துக்கிட்டதா ஆகும். அப்போ விரிசலும் உங்களோடது. நஷ்டஈடு கிடையாது." அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "சாப்பிட்டுட்டு வாங்க. யோசிச்சு சொல்லுங்க."

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. கொழுந்தன் அதில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றான். "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டேன் அண்ணி. 'உரியதுமான'ன்னு ஒரு வார்த்தை. சத்தம் நல்லா இருக்கேன்னு போட்டேன்."

"போட்டாச்சு. விடு."

அவள் கணவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். லாட்ஜின் சமையல் அவர் பொறுப்பு. அதிர்ந்து பேசத் தெரியாதவர். "இங்க பாரு. பணம் வருது, பின்கட்டு எழுந்திரும். எட்டு வருஷமா இதுக்குத்தானே அலைஞ்சோம்? இல்லாத ஒண்ணுக்காக இருக்கிறதை விடுவாங்களா? பள்ளம் அது. வெறும் பள்ளம்."

"ஏங்க, காலி ரூம்தானே நம்ம பொழப்பே? காலியா இருக்கிறதைத்தானே வாடகைக்கு விடறோம். காலி ரூம் 'இல்லாத ஒண்ணு'ன்னா, இத்தனை வருஷமா நாம எதைத்தான் வித்தோம்?"

"வாய் மட்டும் இருக்கு உனக்கு."

"ரூமைக் காலி பண்றவன் பெட்டி படுக்கையை எடுத்துட்டுப் போவான். ரூமும் என்னோடதும்பானா? அதுல குப்பையைக் கொட்டிப் பூட்டிட்டு சாவியையும் கொண்டுபோவானா?"

கணவர் பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். அவருக்கு அழுகை வந்துவிடுமோ என்று அவள் பயந்தாள். அவளுக்கும் பயம்தான், இல்லாமல் என்ன? பணம் போனால் பின்கட்டு போனதுதான். முன்கட்டு வருமானத்தில் கடனைக் கட்டி, வேலைக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து, கிழடு தட்டும்வரை இழுத்துப் பறித்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். ஆனால் முன்கட்டில் ராத்திரி வேலை முடிந்து வரும் நர்ஸ் பகலெல்லாம் தூங்குகிறாள். மருந்து விற்பனைக்காரர் ஒருவர் மாதக்கணக்காகத் தங்கியிருக்கிறார். தன் கூரைக்குக் கீழே கண்ணை மூடுகிறவர்களுக்கு, கண்ணைத் திறக்கும்வரை தான்தான் பொறுப்பு என்று நினைக்கிறவள் அவள். அந்தக் கட்டிலுக்கு அடியில் புகையை அடைத்துவைக்க எவனோ எவனிடமோ சம்மதம் வாங்குவான், அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே போனார்கள். அதிகாரி கேட்குமுன்பே அவள் எழுந்தாள்.

"பள்ளம் என்னோடதுங்க."

"விரிசல்?"

"அதுவும் என்னோடதுதான். இருந்துட்டுப் போகுது."

கொழுந்தன் மனுவில் அந்த வார்த்தையை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். கோடு நேராகவே விழுந்தது. அதிகாரி தட்டச்சரிடம் சொல்லச் சொல்ல, வெற்றிடத்தின் உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் ஏறியது.

கம்பெனி வக்கீலின் முகம் ஒரு கணம் சுண்டிப்போனது. ஆனால் ஆள் கில்லாடி. கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக அவள் பக்கம் திரும்பினார். "ரொம்ப சரி. அப்போ உரிமையாளர்கிட்டயே கேக்கறோம். அம்மா, நீங்க சம்மதிச்சா, நஷ்டஈட்டை விடப் பல மடங்கு தர்றோம். பின்கட்டு என்ன, லாட்ஜையே புதுசாக் கட்டிக்கலாம். லிஃப்ட் போட்டு."

கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கணவர் மூச்சை உள்ளே இழுத்தது அவளுக்குக் கேட்டது. பள்ளமும் கையில், பணமும் கையில்! கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. எண்ணெய் தெறித்துச் சுட்ட தழும்புகள் நிறைந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசிஞ்சா?" என்று கேட்டாள்.

"கசியாது. கசிஞ்சா நாங்க பொறுப்பு. எழுதியே தர்றோம்."

"எங்க சுவர்ல விரிசல் விட்டப்போ நேர்ல வந்து பார்த்தீங்க. விரலை விட்டுக்கூடப் பார்த்தீங்க. பார்த்துட்டு எட்டு வருஷம் 'நாங்க இல்லை'ன்னீங்க. கண்ணுக்குத் தெரியறதுக்கே அந்தப் பேச்சு. கண்ணுக்குத் தெரியாத புகை கசிஞ்சு ஒருத்தர் தூக்கத்துலயே போயிட்டா, அன்னிக்கு வந்து 'நாங்கதான்'னு நிப்பீங்களா?"

கம்பெனி வக்கீல் வாயைத் திறந்தார். ஆனால் ஊசி ஏற்ற வாழைப்பழம் கிடைக்கவில்லை.

"சம்மதம் இல்லைங்க. எழுதிக்கோங்க."

"காரணம் பதிவு பண்ணணும்" என்று அவர் அதிகாரியிடம் பாய்ந்தார். அப்போது கொழுந்தன் எழுந்தான். இந்த முறை அலங்காரம் எதுவும் இல்லை. "சட்டம் சம்மதத்தைத்தான் கேக்குது மேடம். காரணம் கேக்கலை."

அதிகாரி தலையசைத்தார். தட்டச்சு ஓடி நின்றது.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது கணவர் இரண்டு படி முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார். தோள்கள் தொங்கியிருந்தன.

"கோபமாங்க?"

"கோபம்தான்" என்றார், திரும்பாமல். "நிறைய கோபம். ராத்திரிக்குள்ள போகாது." கொஞ்சம் நின்று, "பின்கட்டை இடிக்க ஆள் சொல்லணும். அது முன்கட்டையும் சேர்த்து இழுத்துடக் கூடாது" என்றார்.

"நாளைக்கே சொல்லிடலாம்."

கொழுந்தன் வழக்குக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தான். "அண்ணி, அவங்க விடமாட்டாங்க. மேல்முறையீட்டுக்குப் போவாங்க. இன்னும் பெரிய தொகையோட வீட்டுக்கே வந்து கேப்பாங்க."

"வரட்டும்" என்றாள் சாவியம்மா. "இனிமே கேட்டுத்தானே ஆகணும்."