எழும்பாத நீலக்கோடு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். குடிநீரில் காமாலை பரப்பும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. எதையும் இரண்டு தரம் போட்டுப் பார்க்காமல் கையெழுத்து வைக்கமாட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பேர்ப்பட்டவளும் ஒரு நாள் அசந்துபோனாள். அன்றைக்குப் பார்த்து வந்தது தங்கை குடியிருக்கும் தெருவின் குழாய்த் தண்ணீர்.

பத்து லிட்டரை வடிகட்டி, வடிதாளில் ஒட்டியதைக் கரைத்துப் பிரித்து, கடைசியில் சில சொட்டாக்கி இயந்திரத்தில் வைப்பார்கள். வைரஸ் இருந்தால் திரையில் சிவப்புக்கோடு ஏறும். கூடவே, தீங்கில்லாத வேறொரு வைரஸைத் தாங்களே சேர்ப்பார்கள், அதற்கு நீலக்கோடு. சேர்த்ததுதானே, நீலம் ஏறியே ஆகவேண்டும். ஏறாவிட்டால், தண்ணீரிலுள்ள அழுக்கு சோதனையையே அமுக்கிவிட்டது என்று அர்த்தம். அழுக்கின் வீரியம் குறைய அந்தச் சொட்டைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, மறுபடி போடவேண்டும்.

அன்றைக்கு நீலம் படுத்தே கிடந்தது.

"சார், இன்னொரு தரம் போட்டுடறேன்."

"சிவப்பு வரல இல்ல? அப்புறம் என்னம்மா? அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் போகணும்," என்றார் தலைமை ஆய்வாளர். மனிதருக்குக் கடிகாரம் பார்க்க மட்டும் நன்றாக வரும்.

அவளுக்கும் அலுப்பாக இருந்தது. 'வைரஸ் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாரும் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மிச்சச் சொட்டுகளை உறைபெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஆறு வாரம் கழித்து, ஏழு மாத வயிற்றோடு தங்கை மஞ்சள் காமாலையில் படுத்தாள். தண்ணீரில் பரவும் அந்தக் காமாலை மற்றவர்களைக் கொஞ்ச நாள் பாடாய்ப் படுத்திவிட்டுப் போகும். பிள்ளைத்தாச்சியை அத்தனை சுலபத்தில் விடாது. அக்கா உறைபெட்டியிலிருந்த மிச்சத்தை எடுத்து, பத்து மடங்கு நீர்க்கச் செய்து போட்டாள். நீலம் ஏறியது. பின்னாலேயே சிவப்பும் ஏறத் தொடங்கியது. ஏறாதே, ஏறாதே என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். அது பாட்டுக்கு ஏறியது.

திரையை அணைக்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வயிற்றுக் குழந்தை காலையிலேயே போய்விட்டிருந்தது. தங்கையின் கண்ணெல்லாம் மஞ்சள்.

"நான்தான்க்கா பாவி. வெளியில வாங்கி வாங்கித் தின்னேன். என் பிள்ளைய நானே..."

ஒரு நிமிஷம் அக்காவுக்கு அந்த நினைப்பை அப்படியே விட்டுவிடத் தோன்றியது. எவ்வளவு கேவலமான நிமிஷம் அது.

"சாப்பாடு இல்லடி. தண்ணிதான். அன்னைக்கு நான் சரியா பாக்கல. பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

தங்கை திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தாள். தங்கை அக்காவின் கையைப் பிடித்தாள்.

"எதிர்வீட்டுப் பொண்ணுக்கு இப்ப ஆறு மாசம்க்கா. தண்ணிய கொதிக்க வெச்சுக்கிட்டே இருந்தா. எங்க அக்காவே டெஸ்ட் பண்ணியாச்சு, எதுக்கு வீணா கேஸ எரிக்கிறேன்னு நான்தான் கேலி பண்ணி நிறுத்தினேன். நேத்துலேருந்து வாந்தி எடுக்கிறாளாம்."