குறை என்ன என்ற கேள்வி

கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் ஆளெடுக்கும் பிரிவில் இருந்த பிரின்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னேரிக்குப் போய், படிப்பு முடித்த பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் இன்டர்வியூ பழக்கிவந்தாள்.

"உன் குறை இன்னான்னு கேட்டா, வேலைன்னு வந்துட்டா நேரம் பாக்க மாட்டேன்னு சொல்லு" என்று பழவேற்காட்டுப் புவனேஸ்வரிக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் இன்டர்வியூ முடிந்ததும் புவனேஸ்வரி போன் செய்தாள். "அக்கா, கோவம் வரும்னு உண்மையச் சொல்லிட்டேன். எப்போ வரும்னு கேட்டார். நான் பேசிக்கினு இருக்கசொல்ல யார்னா குறுக்க பேசினா வரும்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னார்?"

"நான் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே குறுக்க பேசிட்டார்க்கா."

பிரின்சி திட்டத்தான் வாயெடுத்தாள்; சிரிப்பு முந்திக்கொண்டது.

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் புவனேஸ்வரி வந்தாள். பிரின்சி அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மற்றவற்றைப் பழக்கினாள். மறுமாதம் வேறொரு கம்பெனியில் அவளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே குறையைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை.