பெயரில்லாத ஃபோல்டர்

வாய் இருந்த காலத்தில் நான் பெரிய வாயாடி. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்ஸின் நாலாம் மாடியில் நின்று சத்தம் போட்டால், கீழே மரக்கறிக் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். இப்போது என் கழுத்தில் ஒரு துளை இருக்கிறது. மூச்சு அதனால் போய் வருகிறது. வாயால் சத்தம் வராது. வெற்றிலை, சிகரெட் எதையும் தொடாத எனக்குக் குரல்வளையில் புற்றுநோய் வந்து, இரண்டரை வருடத்துக்கு முன் அதை அப்படியே எடுத்துவிட்டார்கள். ஏன் எனக்கு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வாயும் இல்லை.

மகள் தாரிகாவுக்கு அப்போது ஒன்றரை வயது, இப்போது நாலு. அவளைக் கூப்பிட இரண்டு தரம் கை தட்டுவேன். கணவர் வினோதனுடன் போனில் எழுதிக் காட்டிச் சண்டை பிடிப்பேன். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றும் வாங்கினோம். அது கிரைண்டர் மாதிரி இரைந்ததும் பிள்ளை வீரிட்டுக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஓடிவிட்டாள். கருவி அலுமாரிக்குள் போய்விட்டது.

போன ஞாயிறு மத்தியானம் அவள் வாயில் சோறு தீத்தும்போது கேட்டாள்.

"அம்மா, நீங்கள் முந்திக் கதைக்கிறனீங்களாம், டீச்சர் சொன்னவா. என்ர பேரை எப்பிடிச் சொல்லுவீங்கள்?"

சோற்றுக் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. கடவுளே, ஒரேயொரு தரம் என் குரலில் அவள் பெயர் அவள் காதில் விழ வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

வீடியோ இல்லையா என்று கேட்பீர்கள். என் போன் சத்திரசிகிச்சை நாளிலேயே தொலைந்தது. வினோதனின் போனில் வீடியோ நிறைய உண்டு. ஆனால் அந்த விசர் மனுசன் இசையமைப்பாளர் அல்லவா? மின்விசிறி இரைகிறது, பின்னால் ரயில் போகிறது என்று சொல்லி, ஒவ்வொரு வீடியோவிலும் இருந்த சத்தத்தை எடுத்துவிட்டு வயலினும் புல்லாங்குழலும் போட்டுவைத்திருக்கிறார். பிள்ளை முதலடி வைக்கிறாள், நான் வாயைத் திறந்து கத்துகிறேன், கேட்பது புல்லாங்குழல். இதற்காக நான் அவரைத் திட்டாத நாள் கிடையாது.

மிஞ்சியது ஒரு பதிவுதான். வினோதனின் அறையில் வாத்தியம் என்று கண்ணால் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு கீபோர்ட், ஒரு கணினி, ஒரு மைக். வீணை, நாதஸ்வரம், தேவாலய ஓர்கன் என்று ஆயிரத்து எண்ணூறு வாத்தியங்கள் கணினிக்குள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ சுரம் சுரமாக வாசித்துப் பதிந்தது. கீபோர்டில் ஒரு கட்டையை அமத்தினால் அந்தச் சுரம் கேட்கும். சத்திரசிகிச்சைக்கு மூன்று நாள் இருக்கையில், உம்முடைய குரலையும் அப்படி ஒரு வாத்தியமாக்கி வைக்கிறேன் என்றார். ஆசையில்தான் சொன்னார், அதை மறுக்கமாட்டேன். கரையோர ரயில் போகும்வரை காத்திருந்து காத்திருந்து, ஒவ்வொரு சுரத்திலும் ஆ, ஈ, ஊ என்று மெதுவாகவும் பலமாகவும் பாடினேன். நடுவில் சும்மா இருந்தேனா? நானாவது! "தண்ணி தாங்கோ", "உங்கட ரயில் போயிட்டுதோ" என்று கதைத்துக்கொண்டே இருந்தேன். தாரிகா தள்ளாடி வந்து கதவில் நின்று அழுதாள். "தாரிகா, அழாதேங்கோ, அம்மா வாறன்" என்றேன். மைக் திறந்துதான் இருந்தது. எனக்கு நல்ல ஞாபகம்.

கையைக் கழுவிவிட்டு அந்த அறைக்குப் போனேன். என் குரல் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், அந்தக் கணினியை அடுக்கியவளே நான்தான். பதினொரு வருடம் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்தவள். வினோதனோ எல்லாவற்றையும் கண்டபடி கொட்டிவைப்பவர். கலியாண வீடியோவுக்கு நாதஸ்வரம் கேட்டால் அரை மணித்தியாலம் தேடுவார். ஆஸ்பத்திரியால் வந்து வீட்டில் கிடந்த மாதம், பைத்தியம் பிடிக்காமல் இருக்க நான் அதை ஒழுங்காக்கினேன். தந்தி, காற்று, தோல், குரல் என்று பிரித்தேன். அடிக்கடி பாவிப்பதை முன்னுக்கு வைத்தேன். ஒரே வாத்தியம் மூன்று இடத்தில் இருந்தால் இரண்டை எறிந்தேன். என் சட்டம் ஒன்றுதான்: பெயரில்லாதது குப்பை.

'குரல்' என்பதற்குள் 'உஷாந்தி' இருந்தாள். நானூற்று முப்பத்திரண்டு துண்டுகள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆ. ஆ. ஈ. எல்லாமே முன்னும் பின்னும் சுத்தமாக நறுக்கப்பட்டிருந்தன. இருமல் இல்லை, தண்ணி இல்லை, தாரிகா இல்லை.

வினோதன் வந்து பின்னால் நின்றார். போனில் எழுதிக் காட்டினேன்: "முழுப் பதிவு எங்க? நடுவில நான் கதைச்சது?"

"எங்கையாவது இருக்கும். பிறகு பாப்பம்."

"இப்ப வேணும். பிள்ளை கேக்கிறாள். அதையும் அழிச்சுப்போட்டுப் புல்லாங்குழல் போட்டிட்டீங்களோ?"

அவர் கதிரையை இழுத்து இருந்தார்.

"நான் அழிக்கேல்லை, உஷா. முழுப் பதிவையும் நறுக்கி எடுத்த மிச்சத்தையும் தனிய ஒரு ஃபோல்டரில போட்டு வைச்சனான். நீர் சிரிச்சது, என்னைப் பேசினது, பிள்ளையைக் கூப்பிட்டது, எல்லாம் அதுக்க இருந்தது. பேர்தான் வைக்கேல்லை. 'அன்டைட்டில்ட் ஏழு' எண்டு கிடந்தது."

கிடந்தது. அந்தச் சொல்லிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்தப் பெயரை நான் கண்டிருக்கிறேன். ஒன்றிலிருந்து பதினொன்று வரை வரிசையாக நின்றன. திறந்து கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மாதம் மனிதக் குரல் எதையுமே என்னால் கேட்க முடியவில்லை, ரேடியோவைக்கூட நிறுத்தி வைத்திருந்தேன். பதினொன்றையும் ஒன்றாக அழித்தேன். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலியாக்கினேன். வீடு கூட்டி முடித்த மாதிரி நிம்மதியாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" எழுதும்போது மூன்று தரம் பிழைத்தது.

"அடுத்த கிழமையே தெரியும். மருதானையில ஒரு கடையில டிஸ்க்கைக் குடுத்துப் பாத்தனான். அந்த இடத்தில வேற வாத்தியப் பதிவு எல்லாம் ஏறிட்டுதாம், இனி எடுக்கேலாதாம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீர் அப்ப இருந்த இருப்புக்குச் சொல்லியிருந்தா, இண்டைக்கு உயிரோட இருந்திருப்பீரோ?"

இரண்டரை வருடம். புல்லாங்குழலுக்காக நான் எழுதிக் காட்டிய திட்டையெல்லாம் இந்த மனுசன் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். வாய் இருந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

தாரிகா கதவடியில் வந்து நின்றாள். கன்னத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"அம்மா, என்ர பேர்?"

வினோதன் என்னைப் பார்க்கவில்லை. கீபோர்டில் 'உஷாந்தி'யை ஏற்றினார். "தா, ரி, கா" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எங்களிடம் இருந்தது ஆவும் ஈயும் ஊவும் மட்டும். ஒரு ஆவை அழுத்தினார். பிறகு சின்னதாக ஒரு ஈ. மறுபடி ஆ.

ஆ... ஈ... ஆ...

என் குரல்தான். ஐயோ, என் குரலேதான். கடைசி ஆ மூச்சு வாங்காமல் நீண்டுகொண்டே போனது; அவர் விரலை எடுக்க மறந்துவிட்டார்.

தாரிகா தலையைச் சரித்துக் கேட்டாள். கீபோர்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது அம்மா இல்லை," என்றாள். "அம்மா கை தட்டுவா."

வினோதன் விரலை எடுத்தார். மின்விசிறி இரையும் சத்தம் மட்டும் கேட்டது.

"தட்டுங்கோ அம்மா."

இரண்டு தரம் தட்டினேன்.