ஊர்த்தெருவுக்கு எந்தக் கியர்

...மூன்றாம் கியரில் போனால் சத்தம் கம்மி, அதுதான் முதலில் தோன்றியது, ஒடுகத்தூர் தாண்டி மண்சாலையில் இறங்கியதிலிருந்து பூவம்மாளின் மனசு அந்த ஒரே இடத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது, மூன்றில் போட்டு, கேஸ் லீவரை நன்றாகக் குறைத்து, பூனை நடக்கிற மாதிரி ஊர்த்தெருவைக் கடந்துவிடலாம், ஒரு புளியமரம், ஒரு கோயில், முப்பது வீடு, அதற்கப்புறம் சேரி, அவ்வளவுதானே... ஆனால் ஏன் பூனை மாதிரி? எதைத் திருடப் போகிறோம்? பெட்டியில் இருப்பது கார்பாலிக் சோப்பும் பஞ்சும் காய்ச்சல் மருந்தும், பார்க்கப் போவது பிள்ளை பெற்று ஒன்பது நாளான ஒருத்தியை, ஆஸ்பத்திரி சம்பளத்துக்கு ஆஸ்பத்திரி வண்டியில் போகிற நர்ஸ், அதற்குப் பூனை நடையா? ஏரிக்கரை உடையாமல் இருந்திருந்தால் இந்த யோசனையே வேண்டாம், கரைமேலேயே சுற்றிக்கொண்டு சேரிக்குப் போயிருப்பாள், போன மாத மழை கரையை அறுத்துக்கொண்டு போய்விட்டது, இனி ஒரே வழி ஊர்த்தெரு, அந்தத் தெருவில் சேரி ஜனம் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, சைக்கிள் ஏறக்கூடாது, மாட்டுவண்டியில் உட்கார்ந்து போகக்கூடாது, மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் எந்த விதியும் இல்லாமல் இருந்தது, அதையும் இரண்டு வாரத்துக்கு முன் புளியமரத்தடியில் நாட்டாண்மை சுப்பராயன் கொஞ்ச நேரம் யோசித்துச் சரிசெய்துவிட்டார். "வண்டியோ இன்னாவோ, கால் மண்ணுல படல இல்ல? அப்ப அதுவும் செருப்புதான். எறங்கித் தள்ளு."

செருப்பாம். பக்கத்தில் பூட்டிய சைடுகாரோடு சேர்த்தால் யானைக் கனம், யுத்தத்துக்குப் போய்வந்த பழைய வண்டி, அதை ஒரு செருப்பாக்கிவிட்டார் அந்த மனுஷன், பூவம்மாளும் தள்ளினாள், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, இரண்டாவது தடவை சேற்றில் கால் வழுக்கி முட்டி உரிந்தது, யாரோ சிரித்தார்கள், பொம்பளைக் குரல் மாதிரி இருந்தது, அதுதான் இன்னும் எரிகிறது. இந்த சீட்டுத் தோல்கூட ஆம்பூர் டேனரியில் அவள் அப்பா பச்சையப்பன் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மிதித்த தோலாக இருக்கலாம், நாட்டாண்மை காலில் கிடக்கிற செருப்பும் அப்படித்தான், அது தெருவில் போகலாம், மிதித்தவர் மகள் போகக்கூடாது... சரி, பொறு, கோபத்தில் கேஸ் லீவரைப் பிடித்தால் வண்டி குதிக்கும், ரோட்டைப் பார்.

"இன்னாம்மா, வண்டிதான் கத்துது, நீ கம்முனு வர்ற?" என்றாள் சைடுகாரில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த எல்லம்மாள். ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் கூடமாட நிற்கிறவள், சொந்த ஊரே இந்தச் சேரிதான், சைடுகாருக்கு அவள் வைத்த பேர் தொட்டி, தோல் ஊறுகிற தொட்டியில் தன்னையும் போட்டு ஊறவைக்கிறார்கள் என்று வாரம் தவறாமல் சொல்லிச் சிரிப்பாள்.

"அக்கா, இன்னிக்கு நான் எறங்கமாட்டேன்."

"எதுலருந்து?"

"வண்டியிலருந்து. ஊர்த்தெருவுல."

எல்லம்மாள் மடியிலிருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றினாள். "ஒனக்கின்னாம்மா, சாயங்காலம் வேலூருக்குப் போய்டுவ. எம் பசங்க ரெண்டு பேரும் நாளைக்கு அந்த நாட்டாம கொல்லையிலதான் கூலிக்கு மல்லாட்டைச் செடி புடுங்கணும்."

"ஓட்டறது நான்தானே? உன்னை யாரு கேக்கப்போறா?"

"ஓட்டறது நீ. உக்காந்திருக்கிறது யாரு, மூட்டையா?"

அந்த நேரம் பார்த்து ஓடை மணல், முன்சக்கரம் அமுங்கியது, என்ஜின் டொக் டொக்கென்று இருமியது, மூன்றாவது இங்கே செல்லாது, கிளச்சைப் பிடித்து, கேஸைக் குறைத்து, பெட்ரோல் டாங்கிப் பக்கத்துக் கியர் லீவரை இரண்டுக்குத் தள்ளினாள், கொஞ்சம் கேஸ், கிளச்சை விடு, மெதுவாக, ஆங்... இருமல் நின்று ஒரே சீரான முனகல். இந்தக் கணக்கு அவளுக்குச் சுலபத்தில் வரவில்லை. பழைய டிரைவர் வேலையை விட்டுப் போனபோது, ஓட்டத் தெரியுமா என்று டாக்டரம்மா கேட்க, தெரியும் என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு நாலு ஞாயிற்றுக்கிழமை டேனரி மைதானத்தில் மெக்கானிக் அப்துல் கஃபாரிடம் கற்றுக்கொண்டாள், முதல் நாளே மேட்டில் வண்டி திணற, பெரிய நம்பருக்குத்தான் பெரிய பலம் என்று மூன்றைப் போட்டாள், வண்டி உதறிவிட்டுச் செத்தது, பின்னால் உருண்டது, கஃபார் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். "படிச்ச பொண்ணு! மூணு ஒண்ணைவிடப் பெரிசுன்னு கணக்குப் போட்டியா? நம்பர் கம்மின்னா தாகத் ஜாஸ்தி, இழுக்கற பலம்." அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு, எட்டு, ஸ்கூல் பைனல் என்று மேலே மேலே போகத்தானே சொல்லிக்கொடுத்தார்கள், மேடு ஏறக் கீழ் நம்பருக்கு வரவேண்டும் என்று எந்தப் பள்ளிக்கூடப் பாதிரியார் சொன்னார்?

ஓடை தாண்டியதும் ஊரின் ஓட்டுக்கூரைகள் தெரிந்தன. மூன்று வேண்டாம், அது முடிவாகிவிட்டது, சத்தமில்லாமல் ஊர்ந்தால் கோயில் வாசலில் என்ஜின் மூச்சடைத்து நிற்கும், அப்புறம் முப்பது வீடும் பார்க்கப் புடவையைச் செருகிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்ப வேண்டும், அதற்குத் தள்ளிக்கொண்டு போவதே மேல். இரண்டு? குறுக்கே ஒரு மாடு வந்தால் இரண்டும் திணறும். அப்போது ஒன்றுதான். ஒன்றில் எவ்வளவு கேஸ்? ஓடு அதிர அதிர லீவரை முழுக்கத் திறந்துகொண்டு போகலாம் என்று போன வாரமெல்லாம் கனவு கண்டாள், அப்படித் திறந்தால் வண்டி அலறும், சூடாகும், வேகமும் வராது, வெறும் கத்தல்... ரொம்பக் குறைத்தாலோ கெஞ்சல். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, லீவரில் ஒரு விரல் அகலம், சண்டைக்கும் போகாத, கும்பிடும் போடாத சத்தம், வேலைக்குப் போகிறவள் வண்டிக்கு என்ன சத்தமோ அது.

தெருமுனையில் வைக்கோல் வண்டி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். வலப்பக்கம் புளியமரத்தடியில் நாலைந்து பேர், சுப்பராயனும் இருந்தார், துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு இவள் இறங்கக் காத்திருந்தார். அவள் அவரையே பார்த்தாள், பிறகு கியர் லீவரைப் பார்த்தாள், ஒன்றுக்குப் போக அது அடம்பிடித்தது, பல் கடிக்கிற சத்தம், இன்னொரு தடவை, விழுந்தது. வைக்கோல் வண்டி விலகியது. கேஸ், ஒரு விரல் அகலம். கிளச்சை விட்டாள்.

அடேயப்பா, எவ்வளவு லேசாகப் புறப்பட்டது! எப்போதும் இடப்பக்கமாக இழுக்கிற கைப்பிடி இன்று நேராக நின்றது, என்ஜின் தண்ணீர் குடித்த மாடு மாதிரி சுகமாக நடந்தது, சரியான கியர் என்றால் இதுதான், கஃபார் கேட்டிருந்தால் வாயைப் பிளந்திருப்பான். "ஏய்... ஏய், எறங்கலடா அது!" என்றான் எவனோ, கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது அந்தக் குரலில், ஒரு பெண் சாணித் தண்ணீர் வாளியோடு அப்படியே நின்றாள், ஒரு நாய் கூடவே ஓடிவந்து அலுத்துப்போய்த் திரும்பியது, கோயில், பத்து வீடு, இன்னும் பத்து, கல் எதுவும் வரவில்லை, அவள் முதுகு மட்டும் கல்லுக்காக விறைத்துக்கொண்டே இருந்தது, கடைசி வீடு, குப்பைமேடு, அவ்வளவுதான்... முடிந்தது. இவ்வளவுதானா?

சேரிக்கு இறங்குகிற இடத்தில் கிளச்சைப் பிடித்து நின்றாள். "பாத்தியாக்கா?" என்று இடப்பக்கம் திரும்பினாள்.

தொட்டியில் மருந்துப் பெட்டி மட்டும் உட்கார்ந்திருந்தது.

கவிழாமல் இருக்கத் துணி அண்டக்கொடுத்து, பதனமாக வைத்துவிட்டு இறங்கியிருந்தாள் எல்லம்மாள். எப்போது? வைக்கோல் வண்டிக்கு நின்றபோதுதான், கியர் லீவரோடு மல்லுக்கட்டிய அந்த நேரம்தான்... அப்படியானால் அந்த லேசு, நேராக நின்ற கைப்பிடி, சுகமாக நடந்த என்ஜின், எல்லாம் அவள் கனம் இறங்கியதாலா? திரும்பிப் பார்த்தாள். தெருவின் அந்தக் கோடியில், புளியமரத்துக்கு எதிரே, எல்லம்மாள் வெறுங்காலோடு நின்றிருந்தாள், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டிருந்தாள், சுப்பராயனிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பூவம்மாளைத் திட்டுகிறாளா? அவளுக்காக மன்னிப்புக் கேட்கிறாளா? நான் அவளோடு வரவில்லை என்கிறாளா? இந்தத் தூரத்துக்குக் கேட்காத குரல் இல்லை அது, பிரசவ அறையிலிருந்து வாசல் வரைக்கும் கேட்கும். என்ஜின்தான் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் கேட்கும். பூவம்மாளின் விரல் கேஸ் லீவர்மேலேயே இருந்தது, அணைக்கவில்லை.