இரண்டு சீட்டு வண்டி ஏன் நின்றது

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பாதிதான் தெரியும்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் பெயர் கலியன், ஊர் பிள்ளையார்பாளையம். சாம்பாரில் ஆரம்பித்து ரசம் வரை சொல்லிக்கொண்டே வந்தார். அறுபத்தொன்பதாம் வருஷம் அவர் தெருவில் ஒரு சிவப்புச் சீமைக் கார் இருந்ததாம். இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடக்கிப் பின்னால் தள்ளலாம். கிளம்பினால் அம்பு மாதிரி போகும், ஐந்தாறு மைல் தாண்டியதும் நின்றுவிடும்.

"எதனால நின்னுச்சு தெரியுமா?" என்று என் பக்கம் திரும்பினார். பாயசம் வந்துவிட்டது. அதன் பிறகு மறுபக்கத்து இலைக்காரரோடு மகளுக்கு வரன் பார்க்கும் பேச்சில் இறங்கியவர் திரும்பவே இல்லை.

எனக்குத் தூக்கம் போயிற்று. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாத நான் மெக்கானிக் ஷாப் வாசல்களில் போய் நின்று கார்புரேட்டர் என்றால் என்ன என்று கேட்டேன். கேட்கக் கேட்க வெறி பிடித்தது. கடைசியில் ஒரு நாள் காரணம் கிடைத்தது! எழுந்து நின்று கைதட்டினேன், வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது அதை உங்களிடம் உடனே சொல்லாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

2.

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

"அந்திச் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்க, செந்நிறக் குதிரை ஒன்று—" வேண்டாம். ஒரே வரியில் சூரியன், கோபுரம், குதிரை. நானே எழுதியிருக்காவிட்டால் சிரித்திருப்பேன்.

"வேணுகோபால் தறியில் உட்கார்ந்தால் பட்டு நெய்வான், எழுந்தால் மோட்டார் என்று அலைவான். அவனுக்கு—" இது பரவாயில்லை. ஆனால் கதை அவனுடையது இல்லை என்று எனக்கு எங்கோ உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் மனைவியுடையது.

ஆகவே இப்படி:

கமலவேணிக்கு அந்த வண்டியைப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், அதில் மூன்றாவது ஆள் உட்கார முடியாது.

நாலு தறி ஓடும் வீடு. வேணுகோபாலின் அண்ணன் சபாபதி, அவர் குடும்பம், கூலிக்கு நெய்கிற ஆட்கள், வந்து போகிற உறவு. அவள் நெசவு நூலைக் குச்சியில் தார் சுற்றுவாள், அவன் நெய்வான், நடுவில் பத்துப் பேர் காது. "சாப்பிட வரீங்களா" என்பதைத் தவிர அவள் புருஷனிடம் சொந்தமாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தெருவில் நீட்டிய பாவு நூலைச் சுருட்டி எடுத்த பிறகு வண்டி வெளியே வரும். அவனும் அவளும் ஏறிக்கொள்வார்கள். சக்கரம் உருண்டதும் அவள் பேச ஆரம்பிப்பாள், நிறுத்தமாட்டாள். வண்டி ஊர் தாண்டி எங்காவது நிற்கும். நின்றாலும் அவளுக்கு வருத்தமில்லை. அவன் பானெட்டைத் திறந்து குனிந்திருப்பான், அவள் மைல்கல்லில் உட்கார்ந்து மீதியைப் பேசுவாள்.

3.

வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது, அவர் மனைவிக்கு இரண்டு பட்டுப்புடவை கொடுத்து வேணுகோபால் வாங்கி வந்தது. அப்போதே அதற்கு வயதாகியிருந்தது. மைல் மீட்டர் ஒரு முழுச் சுற்று முடிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. பெட்ரோல் முள் செத்து வெகுகாலம். டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, பின்னால் இருக்கும் மூடியைத் திறந்து ஒரு மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார்கள்.

வண்டி நிற்கும்போதெல்லாம் வேணுகோபால் செய்கிற முதல் காரியம் அதுதான். மூடியைத் திறப்பான், குச்சியை விடுவான், "பெட்ரோல் கீதே!" என்பான், மூடுவான். பிறகு பிளக்கைத் துடைப்பான், பாயிண்ட்டைத் தேய்ப்பான், இரட்டைக் கார்புரேட்டர் இரண்டையும் ஊதுவான். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். கடைசியாக எதைத் தொட்டானோ அதுதான் கோளாறு என்று முடிவு கட்டுவான். இப்படியே இக்னிஷன் காயிலை மாற்றினான், கண்டென்சர் மாற்றினான், பெட்ரோல் பம்ப்பைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினான். அடுத்த ஞாயிறு வண்டி மறுபடி நிற்கும்.

கமலவேணி தன் பங்குக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைத் துடைத்துப் பொட்டு வைப்பாள். நாலு சக்கரம், முன்நெற்றி, ஸ்டீயரிங், பெட்ரோல் மூடி. குழைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"மூடிக்கு எதுக்கு?" என்று அவன் ஒருமுறை கேட்டான்.

"சாப்புடுற வாயாச்சே அது. அத்த வுட்டுட்டு வேற எதுக்கு வைக்கிறதாம்?"

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

[அடுப்படியில் ஒரு கடலை எண்ணெய் டின் இருந்தது. இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.]

4.

வண்டி நின்றிருந்த கொட்டகை சபாபதிக்குச் சாயம் காய்ச்ச வேண்டியிருந்தது. தாமலில் இருந்து ராஜகோபால் வந்தார், சபாபதிக்குப் பழக்கமான விவசாயி. அவர் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஒரு இன்ஜின் வேண்டும். சிவப்பு வண்டியைச் சுற்றி வந்து பானெட்டைத் தட்டினார்.

"இன்ஜின் நல்லாத்தான் கீது. ஓடுறதுக்குத்தான் அதுக்கு மனசில்ல. என் கெணத்துக்குக் குடுத்துடு வேணு, நின்ன எடத்துலயே ஓடட்டும்."

"கெணத்துக்கா?" வேணுகோபால் பானெட்டுக்குக் குறுக்கே வந்து நின்றான். "ஓடும்ணா. தாமல் வரைக்கும் நிக்காம ஓட்டிக் காட்டட்டுமா?"

"காட்டு," என்றார் சபாபதி. "தாமல் ஏரிக்கரை வரைக்கும் நிக்காம போனா இந்தக் கொட்டாய் வண்டிக்கே. நடுவுல நின்னுச்சுன்னா இன்ஜின் ராஜகோபாலுக்கு. அவரும் நானும் மோட்டார் சைக்கிள்ல பின்னாடியே வருவோம்."

உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த கமலவேணியின் கை நின்றுவிட்டது. இன்ஜின் போனால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மற்ற எல்லாருக்கும் அது ஒரு பழைய கார். அவளுக்கு, வாழ்க்கையில் வாய்விட்டுப் பேசக் கிடைத்த ஒரே இடம்.

அந்த வெள்ளிக்கிழமை சந்தனத்தை வழக்கத்தைவிடக் கெட்டியாகக் குழைத்தாள். பெட்ரோல் மூடிக்கு இரண்டு மடங்கு அப்பினாள்.

5.

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது.

வேடிக்கை பண்ணவில்லை, நிஜமாகவே நின்றது. நாளெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். பெங்களூர் ரோட்டில் சேரும் வெள்ளைகேட் வரை வண்டியை ஓட்டிவிடுவேன், அதற்கப்புறம் ஒரு வரி நகராது. சரி, வர்ணனை போதவில்லை போலிருக்கிறது என்று மேலே மேலே பூசினேன். புளியமரங்கள், நெல் வாசனை, தூரத்தில் ஒரு கொக்கு. கொக்கை இரண்டாக்கினேன். பூசப் பூச மூச்சு முட்டியது. கடைசியில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன், ஓடியது.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. வேணுகோபால்கூடப் பிடிக்காத கோளாறை அவள் எப்படிப் பிடிப்பாள்? வானத்திலிருந்து யோசனை விழுந்ததாக எழுதினால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். அதனால்தான் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் அந்த எண்ணெய் டின்னை வைத்துவிட்டு வந்தேன்.

6.

ஞாயிறு காலை. தெருவில் பாவு இருந்தது. சுருட்டி முடிக்கிறவரை வேணுகோபாலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசி இழையையும் சுருட்டி எடுத்ததும் சாவியைத் திருப்பினான். தெருவே அதிர்ந்தது! பின்னால் மோட்டார் சைக்கிளில் ராஜகோபால், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சபாபதி. நின்ற வண்டியை இழுத்து வர, தாமல் ஏரிக்கரையில் மாட்டுவண்டியும் கயிறும் ஆட்களும் காத்திருக்கும்படி ராஜகோபால் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

வெள்ளைகேட் தாண்டிப் பெங்களூர் ரோட்டில் ஏறியதும் வண்டி பறந்தது. கமலவேணியின் முந்தானை கொடி மாதிரி பின்னால் படபடத்தது. அவள் இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. காதைத் தீட்டி இன்ஜினையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"லக்" என்றது. பிறகு, "லக், லக்."

"போச்சு," என்றான் வேணுகோபால். "போச்சு கமலா. பெட்ரோல் எறங்கல."

லக், லக், லக். அவள் அந்தச் சத்தத்தை வேறெங்கோ கேட்டிருக்கிறாள். எங்கே? எங்கே? புது எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் இப்படித்தான் விக்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டுக் காற்று உள்ளே போனால் சரசரவென்று இறங்கும். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் அவன் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று ஒரு சத்தம் வருமே! வண்டி பெருமூச்சு விடுகிறது என்றல்லவா நினைத்தாள். மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்ததே. வண்டி வந்த புதிதில் துடைக்கும்போது பார்த்திருக்கிறாள். அது இப்போது எங்கே?

அதன் மேல்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொட்டு வைத்திருக்கிறாள்.

வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. கமலவேணி சீட்டில் முட்டி போட்டுத் திரும்பினாள்.

"ஏய், இன்னா பண்றே? வுழுந்துடப் போறே!"

"நீங்க வண்டிய மட்டும் நிறுத்தாதீங்க!"

மடக்கிய கூரைமேல் வயிறு பதியப் படுத்து எட்டினாள். (மூடியைத் திறந்திருக்கலாமே என்கிறீர்களா? அதற்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை சீட்டைப் பிடித்திருந்தது.) பின்னாலிருந்து ராஜகோபால் அலறினார்: "அய்யோ சபாபதி, உன் தம்பி பொண்டாட்டி குதிக்கப் போவுதுபா!"

தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். காய்ந்து இறுகிய சந்தனத்தில் குத்தினாள். பெயரவில்லை. இன்னொரு குத்து. சில்லு ஒன்று தெறித்தது. ஊசியைத் திருகி உள்ளே விட்டாள்.

உஸ்ஸ்ஸ்ஸ்!

ஒரு கணம் ஒன்றுமில்லை. சக்கரம் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. அப்புறம் இன்ஜின் ஒரு இருமல் இருமி, தொண்டை திறந்து, ஓ என்று கத்தியது. கமலவேணி சீட்டுக்குள் குப்புற விழுந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வேணுகோபால் ஹாரனை அமுக்கியபடியே ஓட்டினான். ஏரிக்கரையில் மாட்டுவண்டியோடு காத்திருந்தவர்கள் சிதறி வழிவிட்டார்கள்.

7.

ராஜகோபால் நல்ல மனிதர். இறங்கியதும் சிரித்தார். "நிக்கல. ஒத்துக்கினேன். ஆனா பின்னாடி எட்டி இன்னாம்மா பண்ணே?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கையில் கொண்டை ஊசி, நுனியில் சந்தனம்.

முதல் முடிவு: அவள் சொல்லிவிடுகிறாள். சபாபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். வேணுகோபால்— இங்கே அவன் முகத்தை என்னால் எழுத முடியவில்லை. அந்தப் பம்ப்பை எத்தனை தடவை பிரித்திருப்பான்!

இரண்டாம் முடிவு: "ஒண்ணுமில்ல மாமா, மூடி லூசா இருந்துச்சு" என்று ஊசியைச் சந்தனத்தோடு தலையில் செருகிக்கொள்கிறாள். இதைச் சந்தோஷமாக எழுதி முடித்துக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கதையில் வெள்ளிக்கிழமை ஆகியிருந்தது.

கொட்டகை. நாலு சக்கரம் ஆயிற்று, முன்நெற்றி ஆயிற்று, ஸ்டீயரிங் ஆயிற்று. கமலவேணி மூடியைத் தாண்டி நடந்தாள். மூடி பளபளவென்று இருந்தது, நடுவில் அந்தச் சின்ன ஓட்டை. தறிகளில் மதியச் சாப்பாட்டு நேரம், வீடே அமைதியாக இருந்தது. உள்ளே அத்தனை காதும் விழித்திருந்தன.

பானெட்டுக்குள் குனிந்திருந்த வேணுகோபால் தலையைத் தூக்காமல் கேட்டான்:

"இன்னா, வாய்க்கு வைக்கலியா?"

அவனுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டு சீண்டுகிறானா, தெரியாமல் கேட்கிறானா? குரலை வைத்து எனக்குப் பிடிபடவில்லை. தெரியாதென்றால் அவள் இப்போது அந்த வாயை மறுபடி அடைக்க வேண்டும், இல்லை அத்தனை காதுக்கும் நடுவில் உண்மையைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போட்டு, ஓடுகிற வண்டியில் சொல்லலாம். அதற்கும் இப்போது ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

கலியனைத் தேடிப் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. அவள் இடத்தில் நான் நின்றால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும்; அது என் பதில், அவளுடையது இல்லை, அதனால்தான் இதை நான் எழுதக்கூடாது.

சந்தனக் கிண்ணம் இதோ. உங்கள் விரலிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், சந்தனம் காய்கிறது.